தந்தியும் தாது வருடப் பஞ்சமும்: செய்தித் தொழில்நுட்பமும் பொதுக்கருத்தும் (1876–1878)

திறவுச்சொற்கள்: தாது வருடப் பஞ்சம், தந்தி, சென்னை மாகாணம், இதழியல், பொதுக்கருத்து, பஞ்சக் கும்மி

முன்னுரை

தாது வருடப் பஞ்சம் என்று தமிழ்மக்கள் நினைவில் நின்றுவிட்ட 1876–78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சம், வேளாண்மை வரலாறாகவும் மக்கள்தொகை வரலாறாகவும் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. அதனைச் செய்தியின் வரலாறாகவும் நோக்க இடமுண்டு. பிரித்தானிய ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட இப்பஞ்சம் நேர்ந்தபோது, சென்னைக்கும் லண்டனுக்கும் இடையே தந்தித் தொடர்பு இருந்தது. செய்தி நிறுவனமும் நாளிதழ்களும் ஒளிப்படக் கருவியும் இருந்தன. இருந்தும், 1876ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய பட்டினி இங்கிலாந்து மக்களின் பொதுக்கவலையாக மாறியது 1877 ஆகஸ்டுக்குப் பின்னரே. இந்த இடைவெளியைச் செய்தி பயணம் செய்ய எடுத்துக்கொண்ட காலம் என்று கொள்ள இயலாது. தந்திக்கம்பி எதனை முதலில் கொண்டு சென்றது, யாருடைய சொல்லைக் கொண்டு சென்றது, எதனைக் கொண்டு செல்லவே இல்லை என்பவற்றில்தான் அதற்கான விடை உள்ளது என்பது இக்கட்டுரையின் கருத்து.

தந்தியின் அமைப்பும் அதன் மொழியும்

இந்தியாவில் தந்தி 1855ஆம் ஆண்டில் பொதுமக்கள் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டது. பாரசீக வளைகுடா வழியாக ஐரோப்பாவுடன் 1865இல் தொடர்பு ஏற்பட்டது. பம்பாய்–சூயஸ் கடலடிக் கம்பி 1870இல் இடப்பட்டது. ராய்ட்டர் நிறுவனம் 1866ஆம் ஆண்டிலேயே பம்பாயில் அலுவலகம் திறந்துவிட்டது. ஐரோப்பியத் தொடர்பு ஏற்பட்ட தொடக்கத்தில் இருபது சொற்கள் கொண்ட ஒரு செய்திக்கு ஏறத்தாழ 5 பவுன் கட்டணம். அக்காலத் தொழிலாளி ஒருவர் கனவிலும் எண்ண இயலாத தொகை அது.

இக்கட்டணமே செய்தியின் வடிவத்தைத் தீர்மானித்தது. சொல்லுக்குக் காசு என்றான பிறகு காரணங்களும் ஐயங்களும் மறுப்புகளும் கம்பியில் ஏறா. விலையும் எண்ணும் பதவிப்பெயரும் ஏறும். கட்டணம் செலுத்த வல்லவர் அரசும் வணிகரும் பெரிய ஆங்கில இதழ்களுமே. எனவே, எவரும் திட்டமிட்டுத் திரிக்காத நிலையிலும் அச்செய்தி ஒருபுறம் சாய்ந்தே இருந்தது. சார்பு என்பதைச் செய்தியாளரின் மனச்சாய்வாக மட்டுமே காணும் போக்கு இதழியல் ஆய்வுகளில் காணப்படுகிறது. இங்கே சாய்வு கருவியிலும் கட்டணப் பட்டியலிலும் இருந்தது.

தானிய விலையே முதற்செய்தி

1876ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்தவுடன் தந்திவழி முதலில் பரவியது தானிய விலை. முன்னாளில் ஓர் ஊரின் விலையேற்றம் அடுத்த மாவட்டத்துக்கு வண்டிப் பாதையில் மெல்லச் சென்று சேரும். தந்தி வந்தபின் ஓரிடத்து ஏற்றம் தொலைவிலுள்ள சந்தைகளிலும் உடனே எதிரொலித்தது. விளைச்சல் குன்றாத இடங்களிலும் விலை உயர்ந்தது. இருப்புப்பாதை தானியத்தைப் பஞ்சப் பகுதிக்குக் கொண்டுவந்தது உண்மை; வாங்கும் ஆற்றல் உள்ள இடம் நோக்கி அதனை வெளியே கொண்டு சென்றதும் அதே பாதைதான்.

விலைச்செய்தியின் வேகத்தைச் சென்னை அரசு நன்கறிந்திருந்தது. ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் அரசு 1876ஆம் ஆண்டின் இறுதியில் ஆர்பத்நாட் நிறுவனத்தின் வழியே 30,000 டன் தானியத்தை இரகசியமாகக் கொள்முதல் செய்தது. அரசு வாங்குகிறது என்ற செய்தி வெளிவந்தால் சந்தை என்னாகும் என்ற அச்சமே இந்த மறைப்புக்குக் காரணம். வணிகத்தில் தலையிடலாகாது என்ற கொள்கையில் ஊன்றி நின்ற லிட்டன் பிரபுவின் இந்திய அரசு இச்செயலைக் கண்டித்தது.

தர்பாரும் பட்டினியும்

1877 சனவரி 1ஆம் நாள் விக்டோரியா இந்தியப் பேரரசியாக அறிவிக்கப்பட்ட தில்லித் தர்பார் நடைபெற்றது. இதழாசிரியர்கள் விருந்தினராக அழைக்கப்பட்டனர். சுரேந்திரநாத் பானர்ஜி 'இந்து பேட்ரியட்' இதழின் செய்தியாளராக அங்குச் சென்றிருந்தார். செய்தியாளர் குவிந்த இடம் தில்லி. மக்கள் மாண்டுகொண்டிருந்த இடங்கள் பெல்லாரி, கர்நூல், கடப்பை, சேலம். ஆளுநரும் தம் மாகாணத்தை விட்டுத் தர்பாருக்குச் செல்ல நேர்ந்தது.

அதே மாதத்தில் பஞ்ச ஆய்வுக்கென அனுப்பப்பட்ட சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரணப் பணியாளரின் கூலியை நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் சிறு காசும் பெறும் அளவாகக் குறைத்தார். மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இதனைக் கடுமையாக எதிர்த்தார். சிறைக்கைதிக்குத் தரப்படும் உணவைவிட உழைக்கும் ஏழைக்குக் குறைவாகத் தருவது உயிர்வாழப் போதாது என்பது அவர் வாதம். பஞ்ச வரலாற்றின் மையமான விவாதம் இதுவே. ஆயினும் அது நடைபெற்றது அரசுக் குறிப்பேடுகளில். இருபது சொல் தந்திக்கு அது பொருந்தும் பொருளன்று.

டிக்பியும் நிதி வேண்டுகோளும்

வில்லியம் டிக்பி கொழும்பில் 'சிலோன் அப்சர்வர்' இதழில் பணியாற்றிவிட்டுச் சென்னைக்கு வந்து 'மெட்ராஸ் டைம்ஸ்' இதழின் ஆசிரியரானவர். 1877 ஆகஸ்டுத் தொடக்கத்தில் ஆளுநர் தலைமையில் சென்னையில் ஒரு பொதுக்கூட்டம் நடைபெற்று, லண்டன் முதலிய பெருநகரங்களின் தலைவர்களுக்குத் தந்திவழி நிதி வேண்டுகோள் விடுக்கப்பட்டது. நிவாரணக் குழுவின் மதிப்புறு செயலாளராக டிக்பி பணியாற்றினார். லண்டன் மேன்ஷன் ஹவுஸ் நிதிக்குப் பல இலட்சம் பவுன் திரண்டது. ஆஸ்திரேலியக் குடியேற்றங்களிலிருந்தும் பணம் வந்தது. ஒரு சிறு தந்தி இத்துணை மக்களை அசைத்தது என்பதனைக் குறைத்து மதிப்பிடலாகாது. அந்நிதியால் உயிர்பிழைத்தோர் பலர்.

எனினும் அத்தந்தி உருவாக்கிய பொதுக்கருத்து எத்தகையது என்பதும் ஆராயத்தக்கது. மழை பொய்த்தது, மக்கள் பசித்தனர், இங்கிலாந்து வழங்கியது என்ற மூன்று நிலைகளில் கதை முடிந்துவிட்டது. கூலிக் குறைப்பு, வரித்தண்டல், கொள்முதல் மறுப்பு ஆகியன இதில் இடம்பெறவில்லை. இந்தக் கதையைக்கூட லிட்டன் விரும்பவில்லை. தனியார் நிதி அரசின் குறையை உலகறியச் செய்யும் என்பதனை அவர் உணர்ந்திருந்தார். டிக்பி 1878இல் இரு தொகுதிகளாக வெளியிட்ட பஞ்ச வரலாறு, விடுபட்டவற்றுள் பலவற்றைச் சேர்த்தது. அந்நூலின் ஆங்கிலத் தலைப்பு பஞ்ச நிவாரணத்தைப் படையெடுப்பாகச் சித்திரிப்பதும் கவனத்துக்குரியது. ஆனால் நூல் வெளிவந்தபோது கருத்து உறைந்துவிட்டிருந்தது.

ஒளிப்படம்

சென்னைப் படையைச் சேர்ந்த அதிகாரி ஹூப்பர் எலும்புந்தோலுமான மக்களைக் குழுக்களாக நிறுத்தி எடுத்த படங்கள் இன்றும் இப்பஞ்சத்தின் முகமாக உள்ளன. ஒளிப்படத்தை நாளிதழில் நேரடியாக அச்சிடும் முறை அப்போது பரவவில்லை. மரச்செதுக்கு ஓவியங்களே 'இல்லஸ்டிரேட்டட் லண்டன் நியூஸ்' போன்ற வார இதழ்களில் 1877 இலையுதிர்காலத்தில் வெளிவந்தன. படத்திலுள்ளோரின் பெயரோ, அவர்தம் தொழிலோ, அவர்க்கு மறுக்கப்பட்ட கூலியோ படத்தில் இல்லை. இரக்கத்துக்குப் பெயர் வேண்டுவதில்லை. வழக்குரைக்கவே பெயர் வேண்டும். இதே ஹூப்பர் பின்னர் 1886இல் மண்டலேயில் மரணதண்டனைகளைப் படம்பிடித்த முறைக்காக விசாரணைக்குள்ளானார். அச்செய்தியை லண்டனுக்குக் கொண்டு சென்றதும் தந்தியே.

கம்பியில் ஏறாத குரல்கள்

தமிழ்மக்கள் இப்பஞ்சத்தைத் தம் வழியில் பதிவு செய்தனர். புலவர் செ. இராசு தொகுத்த 'பஞ்சக் கும்மிகள்' அவ்வகைப் பாடல்களை இன்றைய ஆய்வாளர்க்குக் கிடைக்கச் செய்துள்ளது. கும்மி கூடிப் பாடுவதற்குரியது. ஊர் அறிந்ததை ஊரே சொல்வது. இக்குரல்களைச் செய்தியெனக் கொள்ள அன்றைய அரசுக்கு வழியில்லை. சுதேசமொழி இதழ்களின் உள்ளடக்கம் ஆங்கிலத்தில் சுருக்கப்பட்டு அரசு அலுவலர்க்குச் சென்றது. கேட்பதற்கு என்பதைவிடக் கண்காணிப்பதற்கு என்பதே பொருத்தம். 1878 மார்ச்சு 14இல் லிட்டன் கொண்டுவந்த சுதேசமொழிப் பத்திரிகைச் சட்டம் தென்னகத்துக்கு விரிவாக்கப்படவில்லை. ஆங்கில இதழ்கள் எங்குமே அச்சட்டத்துக்கு உட்படவில்லை என்பதிலிருந்து யாருடைய கருத்து பொதுக்கருத்தாகக் கொள்ளப்பட்டது என்பது விளங்கும்.

அவ்வாண்டு செப்டம்பர் 20இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் உள்ளிட்ட அறுவர் 'தி இந்து' வார இதழைத் தொடங்கினர். முத்துசாமி ஐயர் உயர்நீதிமன்ற நீதிபதியாக்கப்பட்டதை ஆங்கிலேயர் நடத்திய இதழ்கள் இகழ்ந்ததே அதற்கு உடனடிக் காரணம். முதல் இதழ் 80 படிகள். தமிழில் 'சுதேசமித்திரன்' 1882இல்தான் வந்தது. அதாவது, பஞ்சம் முடிந்து நான்காண்டுகள் கழித்து.

வில்லியப்ப பிள்ளையின் 'பஞ்சலட்சணத் திருமுக விலாசம்' இன்னும் பிந்தி, 1899இல் அச்சேறியது. தாது வருடப் பஞ்சத்தால் வாடிய மக்கள் மதுரைச் சுந்தரேசுவரரிடம் முறையிட, அவர் தம்மால் இயலாதென்று கூறிச் சிவகங்கை மன்னருக்கு ஒரு திருமுகம் எழுதிக் கொடுத்தனுப்புவதாக அந்த அங்கத நூல் அமைந்துள்ளது. மக்கள் அத்திருமுகத்தைக் கையில் ஏந்திச் செல்கின்றனர்.