கல்வெட்டும் கம்ப்யூட்டரும்: ஓட்டும் முன் ஒரு சோதனை

நம்ம உத்திரமேரூர் பெயரைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் உடனே "குடவோலை ஊரா?" என்று கேட்பார்கள். வைகுந்தப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று கி.பி. 919-ஐச் சேர்ந்தது, மற்றது கி.பி. 921-ஐச் சேர்ந்தது. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்ன கதை நாம் எல்லோரும் பள்ளியிலேயே படித்ததுதான். ஆனால் ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினீயரான எனக்குப் பிடித்தது குலுக்கல் அல்ல, குலுக்கலுக்கு முன்னால் நடந்த சோதனை.

கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். முந்தைய 3 ஆண்டுகளில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடத்துக்குள் போகவே முடியாது. இது அந்தணர் ஊரின் சபை, எல்லோருக்கும் அங்கே இடமில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இருந்தாலும் முறையைக் கவனியுங்கள். ஆளைப் பதவியில் உட்கார வைத்துவிட்டுத் தப்பு செய்கிறானா என்று பார்ப்பது ஒரு வழி. உட்காரும் முன்பே பட்டியலை வைத்துச் சரிபார்ப்பது இன்னொரு வழி.

எங்கள் தொழிலிலும் இதே இரண்டு வழிகள்தான். ப்ரோகிராமை ஓட்டிப் பார்த்துப் பிழை தேடுவது டெஸ்டிங். ஓட்டாமலேயே, எழுதிய வரிகளை இன்னொரு ப்ரோகிராம் படித்து "இங்கே ஆபத்து இருக்கலாம்" என்று சொல்வது ஸ்டாட்டிக் அனாலிசிஸ்.

இதன் ஆரம்ப வரலாற்றில் நம்ம பக்கத்துக்காரர் ஒருவருக்கும் பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று அமெரிக்கா போன சி.வி. ராமமூர்த்தி, பெர்க்லியில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். ஃபோர்ட்ரான் ப்ரோகிராம்களை ஆராயும் 'ஃபேசஸ்' என்ற கருவியைப் பற்றி அவரும் அவருடைய சக ஆய்வாளரும் 1975-லேயே கட்டுரை எழுதினார்கள். 1978-ல் பெல் லேப்ஸில் ஸ்டீபன் ஜான்சன், சி மொழிக்கு 'லிண்ட்' என்ற கருவியை எழுதினார். துணியில் ஒட்டும் பஞ்சுத் தூசிக்குத்தான் ஆங்கிலத்தில் லிண்ட் என்று பெயர். அன்றைக்குத் தேடியது தூசி மாதிரியான பிழைகளைத்தான். திருடனைப் பற்றிய பயம் அப்போது பெரிதாக இல்லை.

அந்தப் பயம் 1988 நவம்பர் 2-ஆம் தேதி வந்தது. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் விட்ட 'புழு' ப்ரோகிராம், சுமார் 6,000 கம்ப்யூட்டர்களைத் தாக்கியதாக அன்று மதிப்பிட்டார்கள். அது நுழைந்த வழிகளில் ஒன்று 'கெட்ஸ்' என்ற சி மொழிக் கட்டளை. வெளியிலிருந்து வரும் எழுத்துகளை வாங்கி வைப்பது அதன் வேலை. எவ்வளவு வருகிறது என்று அது அளக்காது. ஒதுக்கிய இடம் 512 பைட். படியில் மரக்கால் நெல்லைக் கொட்டினால் என்ன ஆகும்? வழிந்த நெல் தரையில் சிந்தும். இங்கே வழிந்த எழுத்துகள் பக்கத்து நினைவகத்தில் ஏறி, ப்ரோகிராமின் போக்கையே மாற்றிவிட்டன.

அதன் பிறகு இந்தக் கருவிகள் பாதுகாப்பின் பக்கம் திரும்பின. 2000-ல் 'ஐடிஎஸ்4', 2001-ல் 'ஃப்ளாஃபைண்டர்' என்று வந்தவை, கெட்ஸ் போன்ற ஆபத்தான பெயர்களைத் தேடிப் பட்டியல் போட்டன. அடுத்து வந்தவை இன்னும் ஆழமாகப் போயின. ஏரித் தண்ணீர் எந்த மதகில் கிளம்பி எந்த வாய்க்கால் வழியாக எந்த வயலுக்குப் போகிறது என்று நடந்து பார்க்கிற மாதிரி, வெளியாள் கொடுத்த தகவல் எந்தெந்த வரி வழியாக ஓடி எங்கே போய்ச் சேருகிறது என்று பின்தொடர்ந்தன. நடுவில் வடிகட்டாமல் டேட்டாபேஸ் கட்டளைக்குள் போய் விழுந்தால் மணி அடிக்கும்.

அப்படியென்றால் கருவி எல்லாவற்றையும் பிடித்துவிடுமா? பிடிக்காது. ஆலன் டூரிங் 1936-லும், ஹென்றி ரைஸ் 1953-லும் நிரூபித்த கணித உண்மைகள் குறுக்கே நிற்கின்றன. எந்த ப்ரோகிராமைக் கொடுத்தாலும் தவறாமல் தீர்ப்புச் சொல்லும் கருவி சாத்தியமே இல்லை. ஒன்று, சிலதைத் தவற விடும். இல்லையென்றால் வீணாகக் கூச்சல் போடும். 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை, 2012 மார்ச்சில் வெளிவந்த ஓபன்எஸ்எஸ்எல் பதிப்பில் இருந்தது. 2014 ஏப்ரல் 7 அன்றுதான் உலகுக்குத் தெரிந்தது. "இத்தனை பைட் அனுப்பினேன்" என்று எதிராளி சொன்ன எண்ணை நம்பி, தன் நினைவகத்திலிருந்து ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை அது அள்ளிக் கொடுத்தது. அன்றிருந்த பெயர்பெற்ற 'கவரிட்டி' கருவியும் இதைப் பிடிக்கவில்லை. விஷயம் வெளியான சில நாட்களிலேயே அதற்குப் புது விதி யோசித்துச் சேர்த்தார்கள்.

இதில்தான் நம் கல்வெட்டு மறுபடி நினைவுக்கு வருகிறது. 919-ல் வெட்டிய விதியோடு சபை நிற்கவில்லை. 30 முதல் 60 என்றிருந்த வயது வரம்பு 921-ல் 35 முதல் 70 ஆனது. வெறும் குடத்தை எல்லோரும் பார்க்கும்படி காட்ட வேண்டும், எடுத்த ஓலையை ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்றெல்லாம் எழுதி வைத்தார்கள். விரலை மடக்கினால் ஓலை மாறலாம் அல்லவா! கணக்குக் காட்டாதவரைத் தடுக்கும் விதியும் பட்ட அனுபவத்தில் பிறந்ததாகத்தான் இருக்கும். கருவிக்குள் இருக்கும் விதிகளும் பெரும்பாலும் அப்படித்தான்: யாரோ பட்ட நஷ்டத்தின் நினைவு. கெட்ஸ் கட்டளையை சி மொழித் தரத்திலிருந்து நீக்க 2011 வரை ஆயிற்று. பாடம் கற்க 23 வருஷம்!

இன்றைக்கு வாயால் கேட்டாலே கோடு எழுதித் தரும் மென்பொருள்கள் வந்துவிட்டன. எழுதுவது சுலபமாகிவிட்டதால், படித்துச் சரிபார்க்கும் வேலை கூடித்தான் இருக்கிறது. இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். எச்சரிக்கை நிறைய வருகிறதே என்று கருவியின் வாயை அடைத்துவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் படியுங்கள், பொய் என்றால் ஏன் பொய் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். புதிதாக ஒரு ஓட்டை கண்டுபிடித்தால் அதை அடைப்பதோடு விடாமல், அடுத்தவருக்கும் உதவும்படி விதியாக்கிச் சேர்த்துவிடுங்கள். கல்லில் வெட்டிய விதியையே இரண்டு வருஷத்தில் திருத்திய ஊர் இது. திரையில் இருப்பதைத் திருத்த நமக்கென்ன தயக்கம்?