தும்பாவுக்கு முன்: பெங்களூருவின் பலூன் கொத்துகள்

இந்திய விண்வெளி ஆய்வின் வரலாறு பெரும்பாலும் 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து ஏவப்பட்ட நைக்கி-அப்பாச்சி ராக்கெட்டிலிருந்தே எழுதப்படுகிறது. அதற்கு இருபதாண்டுகளுக்கும் மேலாக முன்பே, ரப்பர் பலூன்களைக் கொத்தாகக் கட்டி, அளவீட்டுக் கருவிகளைப் பெங்களூருவின் வானில் ஏற்றியிருந்தனர். அந்த முயற்சிகளை விட்டுவிட்டால், தும்பா ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதன் முன்கதை மறைந்துவிடுகிறது.

விண்ணிலிருந்து ஊடுருவும் கதிர்வீச்சு ஒன்று உண்டு என்பதை 1912இல் விக்டர் ஹெஸ் பலூனில் ஏறிச் சென்று கண்டறிந்தார். காஸ்மிக் கதிர்கள் எனப்பட்ட இவை மின்னூட்டம் கொண்ட துகள்கள். எனவே புவியின் காந்தப்புலம் அவற்றை வளைக்கிறது. புவிகாந்த நடுக்கோட்டருகே மிகுந்த ஆற்றலுடைய துகள்களே வளிமண்டலத்தை எட்டுகின்றன. வெவ்வேறு புவிகாந்த அகலாங்குகளில் அளந்து ஒப்பிட்டால் துகள்களின் ஆற்றற் பரவலை மதிப்பிடலாம். பெங்களூருவின் புவியியல் அகலாங்கு ஏறத்தாழ 13 பாகை. புவிகாந்த அகலாங்கோ அந்நாளைய கணக்கில் ஏறத்தாழ 3 பாகைதான். ராபர்ட் மில்லிகன், விக்டர் நேர், வில்லியம் பிக்கரிங் ஆகியோர் 1939–40இல் இந்தியா வந்து பெங்களூரு, ஆக்ரா, பெஷாவர் ஆகிய இடங்களில் பலூன்களை ஏற்றியதன் காரணம் இதுவே.

பலூன்களைக் கொத்தாகக் கட்டியதற்கு எளிய காரணங்கள் உண்டு. சிறிய ரப்பர் பலூன் ஒன்றால் கனமான கருவியைத் தூக்க இயலாது. மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைவதால் பலூன் விரிந்து இறுதியில் வெடிக்கும். கொத்தில் ஒன்றிரண்டு வெடித்தாலும் எஞ்சியவை கருவியைத் தாங்கும். விழும் வேகத்தையும் குறைக்கும். 1937இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட பலூன்களைக் கட்டி ஜான் பிக்கார்டு பறந்ததும் இதே கொள்கையால்தான்.

போரினால் கேம்பிரிட்ஜ் திரும்ப இயலாத ஹோமி பாபா, அப்போது பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் காஸ்மிக் கதிர் ஆய்வுப் பிரிவை அமைத்தார். சி. வி. இராமனின் வழிகாட்டலில் விக்ரம் சாராபாயும் அங்கே இதே துறையில் ஆய்வு செய்தார். பாபாவின் குழு விமானத்தில் 30,000 அடி உயரம்வரை கருவிகளைக் கொண்டுசென்றது. அதற்கும் மேலே செல்லப் பலூனே வழி. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் பெங்களூருவில் தொடங்கப்பட்ட 1945ஆம் ஆண்டிலேயே, ரப்பர் பலூன் கொத்துகளைக் கொண்டு பாபாவின் ஆய்வுகளும் தொடங்கின. பின்னர் அந்நிறுவனம் பாலித்தீன் பலூன்களைத் தானே தயாரிக்கக் கற்று, 1969இல் ஐதராபாத்தில் நிலையான பலூன் ஏவுதளத்தை அமைத்தது.

இக்கதையின் இழைகள் பின்னர் விண்வெளியை எட்டின. அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோளான எக்ஸ்புளோரர்-1, 1958இல் கைகர் எண்ணியைச் சுமந்து சென்றபோது, அதை உருவாக்கிய ஆய்வகத்தின் இயக்குநர் பிக்கரிங். தும்பாவைத் தேர்ந்தெடுத்த முயற்சிக்குத் தலைமை தாங்கியவர் சாராபாய். அங்கும் காந்த நடுக்கோட்டின் அண்மையே முதன்மைக் காரணமாயிற்று.

புவிகாந்த நடுக்கோட்டின் அண்மை இயற்கை தந்தது. அதைப் பயன்படுத்த வெளிநாட்டு ஆய்வாளர்களும் வந்தனர், அளந்தனர், திரும்பினர். அந்த இட வாய்ப்பைத் தொடரும் ஆய்வு மரபாக மாற்றியது இங்கே உருவான குழுக்களும் அவர்கள் பெற்ற தொழில்நுட்பத் திறனுமே. ராக்கெட்டிலிருந்து தொடங்கும் வரலாறு இந்த மாற்றத்தைக் காணத் தவறுகிறது.