ஊட்டிப் புல்லும் உறைபனியும்

நம்ம காஞ்சிபுரத்துல மார்கழிக் குளிருக்கு ஒரு போர்வை போதும். பனியில புல்லு கருகிடும்னு பிள்ளையார்பாளையத்துல போய்ச் சொன்னா சிரிப்பாங்க :-) ஆனா இதே தமிழ்நாட்டுல, 2,240 மீட்டர் உயரத்துல இருக்கிற ஊட்டியில வருஷா வருஷம் நடக்கிற கதை இது.

1819-ல கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரி ஏறினார். பின்னாடியே வெள்ளைக்காரங்க தங்கள் ஊரையே மலைமேல கட்டப் பார்த்தாங்க. லண்டன் கியூ தோட்டத்துல வேலை பழகின மெக்ஐவர், 1848-ல வந்து தாவரவியல் பூங்காவை அமைச்சார். புல்தரை வந்துச்சு, கோல்ஃபும் வந்துச்சு. கொடைக்கானல்ல 1895-லயே கோல்ஃப் கிளப். ஊட்டி ஜிம்கானா மைதானத்துக்கு 18 குழி.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி. புல்லுக்குள்ள இருக்கிற தண்ணி உறைஞ்சு திசு கிழியும். அப்போ மேல நடந்தா, வெயில் வந்தப்புறம் கால் தடம் கருப்பா தெரியும். அதனாலதான் குளிர் ஊர் கோல்ஃப் மைதானங்கள்ல பனி உருகுற வரைக்கும் யாரையும் உள்ளே விடமாட்டாங்க. பூங்கா ஊழியர்கள் விடியக்காலையிலேயே தண்ணி தெளிச்சுப் பனியைக் கரைக்கிறாங்க. நாற்றுகளைக் கோத்தகிரி மிலார் செடியால மூடுறாங்க. அதையும் மீறிக் கருகினா, செத்த புல்லை எடுத்துட்டு, மண் போட்டு, புதுப்புல் பதிச்சு, மே மாச மலர்க் கண்காட்சிக்குள்ள பச்சையாக்கணும். 2024-ல நடந்தது 126-வது கண்காட்சி. அத்தனை வருஷ உழைப்பு! தறியில அறுந்த இழையை முடிச்சுப் போட்டு நெய்யற மாதிரிதான்.

இனிமேதான் விஷயமே. தோடர்களோட எருமைகள் மேய்ஞ்ச பழைய புல்வெளிக்கு இந்த வைத்தியம் எதுவும் தேவைப்படலை. மேல காஞ்சாலும் வேர்ல இருந்து திரும்பத் துளிர்க்கும். சோலை மரக் கன்றுகள் அந்த வெட்டவெளிக்குப் பரவாம இருந்ததுக்கு தாவரவியலாளர்கள் சொல்ற காரணங்கள்ல ஒண்ணு இந்த உறைபனிதான். அதாவது பனி அந்தப் புல்லுக்குக் காவல்காரன். அந்தப் புல்வெளியை விறகுக்கும் தோல் பதனிடவும்னு சீகை, கற்பூர மரங்களை நட்டு அழிச்சது மனுஷங்கதான். இப்போ வனத்துறை சீகையை வெட்டிட்டு, நாட்டுப் புல்லை நட்டு மீட்கப் பாக்குது.

கண்காட்சிப் புல்லுக்கு ஒரு சீசன்ல மருந்து போட்டுடலாம். மலையோட புல்லுக்கு எத்தனை தலைமுறை ஆகும்? நீலகிரிப் பக்கத்து நண்பர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்.