கொல்லப்பட்ட ராவணன் வந்த வழி

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு அந்தப் பக்கம் நினைவிருக்கும். நோட்டின் நடுவே ஸ்கேல் வைத்து இழுத்த ஒரு கோடு. இடப்பக்கம் ஆக்டிவ் வாய்ஸ், வலப்பக்கம் பாஸிவ் வாய்ஸ். இடப்பக்கத்தில் ராமன் ராவணனைக் கொல்வான். வலப்பக்கத்தில் ராவணன் ராமனால் கொல்லப்படுவான். கோட்டைத் தாண்டியதும் ராவணன் முன்னால் வந்துவிடுவான், நடுவில் ஒரு 'வாஸ்' முளைக்கும், ராமன் 'பை' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு கடைசிக்குப் போய்விடுவான். மாற்றத் தெரிந்தால் முழு மதிப்பெண். ஆனால் இந்த வித்தை எங்கே பிறந்தது, சத்தமே வராத இதற்கு ஏன் 'குரல்' என்று பெயர் என்பதை யாரும் சொல்லித் தந்ததில்லை.

கதை எகிப்தின் அலெக்ஸாந்திரியாவில் தொடங்குகிறது. கி.மு. 2-ஆம் நூற்றாண்டு. ஹோமரின் காவியங்கள் அதற்குள் பழசாகிவிட்டன. உரை இல்லாமல் படிக்க முடியாத நிலை. அவற்றைப் புரியவைக்கும் வேலையில்தான் கிரேக்க இலக்கணம் வளர்ந்தது. அங்கே பயின்ற டயோனீசியஸ் திராக்ஸ் என்பவரின் பெயரில் ஒரு சின்னக் கையேடு வழங்குகிறது. வினைச்சொல்லுக்கு மூன்று நிலை உண்டு என்கிறது அது: செய்தல், படுதல், இரண்டுக்கும் இடைப்பட்டது. அது காட்டும் உதாரணம் 'அடிக்கிறேன்', 'அடிக்கப்படுகிறேன்'. கிரேக்கத்தில் இரண்டும் ஒற்றைச் சொற்கள்: டுப்டோ, டுப்டோமை. ஈற்றை மட்டும் மாற்றினால் அடித்தவன் அடிபட்டவன் ஆகிவிடுவான்.

இந்த 'அடி' நீண்ட ஆயுள் பெற்றது. கி.பி. 4-ஆம் நூற்றாண்டில் தியோடோசியஸ் என்ற ஆசிரியர் அந்த ஒரே வினையை எல்லாக் காலத்துக்கும் எல்லா இடத்துக்கும் விரித்துப் பட்டியல் போட்டார். கிரேக்கர் வாயில் ஒருநாளும் வராத வடிவங்கள்கூட, கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்பதற்காகவே அதில் இடம் பிடித்தன. பிள்ளைகள் நூற்றாண்டுக்கணக்கில் அதை மனப்பாடம் செய்தார்கள். மூலக் கையேடோ சிரியாக் மொழிக்கும் அர்மீனிய மொழிக்கும் பெயர்க்கப்பட்டு கிழக்கே நடந்தது.

மேற்கே அதைத் தூக்கிச் சென்றவர்கள் ரோமானியர்கள். படுதலைக் குறிக்கக் கிரேக்கர்கள் வைத்திருந்த சொல் 'பதோஸ்'. பட்ட துன்பம் என்றும் அதற்குப் பொருள். ரோமானியர்கள் அதை அப்படியே நகலெடுத்தார்கள். 'துன்பப்படு' என்ற பொருளுடைய 'பதி' என்ற வினையிலிருந்து 'பஸிவும்' பிறந்தது. நோய்ப்பட்டவரைக் குறிக்கும் 'பேஷன்ட்' அதன் உடன்பிறப்பு. இயேசு சிலுவையில் பட்டதைக் குறிக்கும் 'பேஷன்' இன்னொரு உடன்பிறப்பு. தமிழ்க் கிறிஸ்தவர்கள் அதைப் 'பாடுகள்' என்கிறார்கள். செயப்பாட்டுவினைக்குள் இருக்கும் 'பாடு'தான் அது. ஆங்கிலத்தில் ஒரே வேரில் கிளைத்த இரண்டு சொற்கள், தமிழிலும் ஒரே வேரில் நிற்கின்றன.

'வாய்ஸ்' என்ற பெயரும் இலத்தீன் தந்ததே. 'வோக்ஸ்' என்றால் அங்கே குரல் மட்டுமல்ல, சொல்லும்தான், சொல்லின் வடிவமும்தான். 'அமோ' என்றால் நேசிக்கிறேன். 'அமோர்' என்றால் நேசிக்கப்படுகிறேன். ஒரு வினைக்கு இரண்டு வடிவம், ஆகவே இரண்டு 'வோக்ஸ்'. ஆங்கிலத்தில் வந்து இறங்கியபோது வடிவம் என்ற பொருள் உதிர்ந்து, குரல் மட்டும் காதில் நின்றுவிட்டது.

கி.பி. 1000-ஐ ஒட்டி இங்கிலாந்தில் ஆல்ஃப்ரிக் என்ற துறவி, சிறுவர்களுக்காக இலத்தீன் இலக்கணத்தைப் பழைய ஆங்கிலத்தில் எழுதினார். 'அமோர்' என்ற ஒற்றைச் சொல்லுக்கு அவருடைய மொழியில் ஒற்றைச் சொல் இல்லை. 'நான் நேசிக்கப்பட்டவனாக இருக்கிறேன்' என்ற மாதிரிச் சொற்களைக் கோத்துத்தான் நிரப்ப வேண்டியிருந்தது. பழைய ஆங்கிலத்தில் எஞ்சியிருந்த ஒற்றைச் சொல் செயப்பாட்டுவினை 'ஹாட்டே' ஒன்றுதான். 'அழைக்கப்படுகிறான்' என்று பொருள். மற்றதற்கெல்லாம் 'இரு' அல்லது 'ஆகு' என்ற துணைவினை வேண்டும். அந்த 'ஆகு' பின்னாளில் ஆங்கிலத்திலிருந்து மறைந்தது. ஜெர்மன் மொழியிலோ 'வெர்டன்' என்ற பெயரில் இன்றும் அதே வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மாணவர்கள் மறக்காமல் சேர்க்கும் 'பை' கூடத் தாமதமாகத்தான் அந்த இடத்தைத் தனதாக்கியது. 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் பல இடங்களில் 'ஆஃப்' நிற்கிறது.

1586-இல் வில்லியம் புல்லோகர் ஆங்கிலத்துக்கே ஓர் இலக்கணம் எழுதினார். ஆங்கில இலக்கணங்களில் அதுவே முதலாவது. எங்கள் மொழிக்கும் விதி உண்டு என்று நிறுவுவது அவர் நோக்கம். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட அச்சோ பள்ளிகளில் புழங்கிய வில்லியம் லிலியின் இலத்தீன் இலக்கணம். ஈற்றை மாற்றிப் பேசும் மொழிக்குத் தைத்த சட்டை, துணைவினைகளால் பேசும் மொழியின் தோளில் ஏறியது. 1762-இல் ராபர்ட் லௌத் அதே வழியில் எழுதினார். அவரிடமிருந்து தாராளமாக எடுத்துத் தொகுத்தவர் லிண்ட்லி மரே. அமெரிக்க வழக்கறிஞராக இருந்து யார்க் நகருக்கு அருகே குடியேறிய அவர், அங்கிருந்த ஒரு பெண்கள் பள்ளிக்காக 1795-இல் வெளியிட்ட இலக்கணம் அட்லாண்டிக்கின் இரு கரையிலும் பதிப்புக்கு மேல் பதிப்பாக ஓடியது.

அதே 1795-இல் வேறொரு வேடிக்கை நடந்தது. அதுவரை ஆங்கிலேயர்கள் வீடு கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது என்பதைச் சொல்ல, 'வீடு கட்டிக்கொண்டிருக்கிறது' என்ற அமைப்பில்தான் பேசினார்கள். பின்னாளில் அரசவைக் கவிஞரான ராபர்ட் சௌதி அப்போது இளைஞர். ஒரு கடிதத்தில், முரட்டுக் கை நாவிதர் ஒருவர் ஒரு மனிதனின் மேல் கடைவாய்ப்பல்லை வேரோடு பிடுங்கும் காட்சியை எழுதினார். பல் இன்னும் வரவில்லை, வலி மட்டும் நடந்துகொண்டிருக்கிறது. அதைச் சொல்ல 'இஸ் பீயிங்' என்ற புத்தம்புது அமைப்பு அவர் பேனாவில் வந்து விழுந்தது. அதன் மிகப் பழைய தடயங்களில் அந்தக் கடிதமும் ஒன்று. பண்டிதர்கள் கொதித்தார்கள். அமெரிக்காவில் ரிச்சர்ட் கிராண்ட் வைட் 1870-இல் வந்த தன் நூலில் ஓர் அத்தியாயமே ஒதுக்கி அதைச் சாடினார். இன்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அதைத் தயங்காமல் எழுதுகிறது.

ஆங்கில வாய்ஸ் தமிழைச் சந்தித்தபோது என்ன ஆனது? திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளுக்கு இயல்பான செயப்பாட்டுவினை வடிவம் கிடையாது என்று எழுதினார். 'படு'வும் 'உண்'ணும் வந்து உதவுகின்றன என்று காட்டினார். அடிபட்டான், வெட்டுண்டான். கிரேக்கன் துன்பத்தை வைத்துச் சொன்னதைத் தமிழனும் துன்பத்தை வைத்தே சொல்கிறான். யாரும் யாரிடமும் வாங்கவில்லை. போதாததற்குத் தமிழன் அடியை உண்ணவும் செய்கிறான். அந்த அழகு நம் வகுப்பறைக்கு வந்து சேரவில்லை. வந்தது 1930-களில் இந்தியப் பள்ளிகளுக்கென்று எழுதப்பட்ட ரென் அண்ட் மார்ட்டின் புத்தகம். அதில் முதலாமவரான பி. சி. ரென், இந்தியக் கல்வித்துறையில் வேலை பார்த்தவர். 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலை எழுதியவரும் அவரே. அந்தப் புத்தகமும் அதன் எண்ணற்ற நகல்களும்தான் நோட்டின் நடுவே கோட்டைப் போட்டன.

இங்கே பிள்ளைகள் பாஸிவுக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது, அங்கே அதை விரட்டக் கிளம்பினார்கள். 1946-இல் ஜார்ஜ் ஆர்வெல், ஆக்டிவ் கைகொடுக்கும் இடத்தில் பாஸிவைத் தொடாதே என்று விதி சொன்னார்; அந்தக் கட்டுரையிலேயே பாஸிவ் நிறைய உண்டு. 1959-இல் ஸ்ட்ரங்க், வைட் இருவர் பெயரில் வந்த நடைக் கையேடு அதே பாட்டைப் பாடியது. அது திருத்திக் காட்டிய நான்கு உதாரணங்களில் மூன்று பாஸிவே அல்ல என்று மொழியியலாளர் ஜெஃப்ரி புல்லம் 2009-இல் எடுத்துக்காட்டினார். பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான 'ரைட்டர்ஸ் வொர்க்பெஞ்ச்' மென்பொருள், ஒரு கட்டுரையில் எத்தனை விழுக்காடு பாஸிவ் என்று எண்ணியே காட்டியது.

பாஸிவுக்குக் கெட்ட பெயர் வரக் காரணம் இருந்தது. 1987-இல் ஈரான் ஆயுதப் பேர விவகாரத்தில் அதிபர் ரீகன், தவறுகள் செய்யப்பட்டன என்றார். செய்தது யார் என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. 1876-இல் அதிபர் கிராண்டும் ஏறக்குறைய அதே அமைப்பில் பேசியிருக்கிறார். ஆனால் அதை ஒப்புக்கொள்கிறேன் என்று தன்னையும் சேர்த்துக்கொண்டார்.

நாளை காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின்சாரம் நிறுத்தப்படும் என்று செய்தி வந்தால், சுவிட்சை இறக்கப்போவது யார் என்று நாம் கேட்பதில்லை. தண்ணீர்த் தொட்டியை நிரப்பி வைக்கிறோம். குடிசைகள் அகற்றப்பட்டன என்று செய்தி வந்தால், யாரால் என்று கேட்டே ஆக வேண்டும். இரண்டு வாக்கியத்துக்கும் இலக்கணம் ஒன்றுதான். டயோனீசியஸ் பெயரிலான கையேடு பிரித்துக் காட்டியதும் இதைத்தான்: செய்தவர் ஒருவர், பட்டவர் ஒருவர். பிள்ளைகளிடம் கோட்டைத் தாண்டச் சொல்லும்போது, யாரை முன்னால் நிறுத்துகிறாய், யாரை விட்டுவிட்டாய் என்றும் கேட்போம். அந்தக் கேள்விக்கும் மதிப்பெண் கொடுப்போம்.