அடுக்கும் டேக்கும்

கன்டெய்னர் இமேஜின் கதையை 2013-இலிருந்து தொடங்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1979-இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் வந்த சிரூட், ஒரு நிரலுக்குத் தனி ரூட் டைரக்டரியைக் காட்டியது. 2000-இல் ஃப்ரீபிஎஸ்டி ஜெயில் அந்தச் சுவரை உயர்த்தியது. அடைத்து வைக்கும் வித்தை அப்போதே இருந்தது. அடைத்ததை அப்படியே இன்னொரு கணினிக்கு அனுப்பும் எளிய வழிதான் இல்லை.

2013 மார்ச்சில், சான்டா கிளாராவில் நடந்த பைகான் மாநாட்டில் சாலமன் ஹைக்ஸ் ஐந்தே நிமிடத்தில் டாக்கர் என்ற கன்டெய்னர் கருவியைக் காட்டினார். அதையொட்டி வந்த டாக்கர்ஃபைலைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். சர்வரைத் தயார்செய்யும் முறை பல அலுவலகங்களில் யாரோ ஒருவரின் நினைவில் மட்டுமே இருந்தது. அது வரிவரியாகப் படிக்கக்கூடிய கோப்பாயிற்று. கோப்புகளை மாற்றும் ஒவ்வொரு வரியும் இமேஜில் ஓர் அடுக்கு. மாறாத அடுக்கை மறுபடி கட்ட வேண்டியதில்லை; ஆனால் ஓர் அடுக்கு மாறினால் அதற்குப் பின் வருபவற்றையும் மறுபடி கட்ட வேண்டும். அதனால்தான் லைப்ரரிகளை நிறுவும் வரியை மேலேயும், அன்றாடம் மாறும் நிரலைக் காப்பி செய்யும் வரியைக் கீழேயும் வைக்கிறோம்.

இமேஜுக்கு ஒட்டும் டேக் விஷயத்தில் நான் கண்டிப்பானவள். எதுவும் கொடுக்காவிட்டால் டாக்கர் 'லேட்டஸ்ட்' என்று ஒட்டிவிடும்; அதுவே புதியது என்பதற்கு உறுதியில்லை. எந்த டேக்கையும் நாளை வேறு இமேஜுக்கு நகர்த்தலாம். உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படும் ஷா256 டைஜெஸ்ட் நகராது. எங்கள் குழுவில் கிட் கமிட் எண்தான் டேக். புரொடக்‌ஷனுக்குப் போகும் கோப்பில் டைஜெஸ்டையே எழுதுகிறோம்.