சிவப்பு அட்டை நோட்டும் செயற்கை மூளையும்

மக்களே, ரொம்ப நாள் கழிச்சு ஒரு வரலாற்றுப் பதிவு. கணக்கு வழக்கு மேட்டர்தான். தூங்கிடாதீங்க :-)

போன மாசம் பேரணாம்பட்டு சித்தப்பா பாகாயத்துல எங்க வீட்டுக்கு வந்திருந்தார். சின்ன தோல் கம்பெனி வெச்சிருக்கார். பெரிய கம்பெனிங்க அனுப்புற தோலுக்குச் சாயம் ஏத்தி, ஃபினிஷிங் பண்ணித் திருப்பிக் கொடுக்கிற ஜாப் ஒர்க். வந்ததும் வராததுமா செல்போனை நீட்டி, "பாருடா, சீட்டைப் போட்டோ எடுத்தா இதுவே கணக்கு எழுதிடுது. இனிமே கணக்குப்பிள்ளைக்கு எதுக்குச் சம்பளம்?"ன்னார். செயற்கை நுண்ணறிவு ஆப்பாம். அவர் பையன் போட்டுக் கொடுத்தது.

எனக்கு உடனே கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சிடுச்சு.

நம்ம ஊர் கணக்குக்கு நீண்ட பாரம்பரியம் உண்டு. திண்ணைப் பள்ளிக்கூடத்துல எண்சுவடியை மனப்பாடம் பண்ணின பசங்க, முந்திரி வரைக்கும் பின்னம் சொல்வாங்க. முந்திரின்னா 320-ல் 1 பங்கு. அதுக்கும் கீழே கீழ்முந்திரின்னு வேற போகும்! நகரத்தார் பர்மா, மலாயா, இலங்கைன்னு கடை போட்டப்போ, கடையைப் பார்த்துக்கிட்டது பெரும்பாலும் 3 வருஷத் தவணையில போன ஏஜெண்டுகள். முதலாளி செட்டிநாட்டுல இருப்பார். பேரேட்டு நகலும் ஐந்தொகையும் கப்பலேறி அவர்கிட்ட வரும். கடல் தாண்டி நடந்த வியாபாரத்துக்கு அந்தத் தாள்தான் கண்ணு. தாள்ல சந்தேகம் வந்தா, பதில் சொல்ல எழுதின ஆள் இருந்தார். இதை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

இத்தாலியில லூக்கா பச்சோலி 1494-ல இரட்டைப் பதிவு முறையை அச்சுல கொண்டு வந்தார். நம்ம பக்கம் 1986-ல பெங்களூர்ல கோயங்கா அப்பாவும் பிள்ளையும் ஆரம்பிச்ச கம்பெனியிலிருந்துதான் டாலி வந்தது. கூட்டல் கழித்தல் மிஷினுக்குப் போச்சு. ஆனா எந்தச் சீட்டு எந்தத் தலைப்புல போகணும்னு முடிவு பண்ணினது அப்பவும் மனுஷன்தான். இப்போ அந்த முடிவையும் மிஷின்கிட்ட விடறோம். புதுசு இதுதான்.

சரி, சித்தப்பா கதைக்கு வருவோம். தோல் பதனிடுற ஜாப் ஒர்க்குக்கு 2017-ல ஜிஎஸ்டி 5 சதவீதம். 2022 ஜூலை 18-லேருந்து 12 ஆச்சு. 2025 செப்டம்பர் 22-லேருந்து மறுபடி 5. சித்தப்பா 2025 அக்டோபர் 3-ம் தேதி போட்ட பில் ஒண்ணு, கூலி 2,40,000 ரூபாய். ஆப் அதுக்கு 5 சதவீதம்னு 12,000 போட்டுது. பில் தேதியைப் பார்த்தா சரிதானே?

கணக்கு எழுதுற பெரியவர் அதைப் பார்த்துட்டு ஒரே கேள்வி கேட்டாராம். "அந்த லாட் எப்ப முடிஞ்சது, பணம் எப்ப வந்தது?"

வேலை முடிஞ்சது செப்டம்பர் 10. பணம் முழுசா வந்தது 15. வரி விகிதம் மாறும்போது சட்டம் மூணு தேதி பார்க்கும்: வேலை முடிஞ்சது, பில் போட்டது, பணம் வந்தது. மூணுல எந்த ரெண்டு ஒரே பக்கம் விழுதோ, அந்தப் பக்கத்து வரி. அப்படின்னா இந்த பில்லுக்குப் பழைய 12 சதவீதம்தான். 28,800 ரூபாய். 16,800 குறைச்சல், மேல வருஷத்துக்கு 18 சதவீத வட்டி வேற.

கவனிச்சுப் பாருங்க, ஆப்புக்குப் புது விகிதம் தெரிஞ்சிருந்தது. தப்பு அதுல இல்ல. சீட்டுல இல்லாத ரெண்டு தேதி பெரியவர் மண்டையில இருந்தது. போட்டோவுல அது எப்படி விழும்? இன்னொரு கூத்து, ஜாப் ஒர்க்குக்கு வந்த தோலோட சலானை அது கொள்முதல்னு எழுதி வெச்சிருந்தது. அடுத்தவன் தோல் நம்ம சரக்காயிடுச்சு! அந்தத் தோல் ஒரு வருஷத்துக்குள்ள திரும்பிப் போகலைன்னா, அனுப்பின தேதியிலயே வித்ததாக் கணக்காகி, அனுப்பின கம்பெனி வரி கட்டணும்.

மிஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நம்புறது எங்க கொண்டு விடும்னு பார்க்க இங்கிலாந்துக்குப் போகணும். அங்க தபால் நிலையங்களுக்கு 1999-ல ஹொரைசன்னு ஒரு கணக்கு மென்பொருள் வந்தது. செயற்கை நுண்ணறிவு இல்ல, சாதா மென்பொருள்தான். அது இல்லாத பற்றாக்குறையைக் காட்டுச்சு. கிளை நடத்தினவங்க பலர் சின்னக் கடைக்காரங்க. "நான் எடுக்கலை"ன்னு சொன்னதை யாரும் நம்பலை. 900 பேருக்கு மேல தண்டனை, சிலருக்கு ஜெயில். மென்பொருள்ல கோளாறு இருந்ததுன்னு உயர் நீதிமன்றம் சொன்னது 2019 டிசம்பர்ல. தண்டனைகளை ஒட்டுமொத்தமா ரத்து பண்ண 2024-ல தனிச் சட்டமே போட வேண்டி வந்தது.

நம்ம ஊர்லயும் உண்டு. 2025 அக்டோபர்ல மும்பை உயர் நீதிமன்றம் ஒரு வருமான வரி உத்தரவை ரத்து பண்ணிச்சு. அதுல மேற்கோள் காட்டின தீர்ப்புகள் உலகத்துலயே இல்லை! மிஷின் தர்றதைச் சரிபார்க்காம எடுத்துக்காதீங்கன்னு அதிகாரிகளுக்குச் சொல்லிச்சு.

அதுக்காக ஆப்பைத் தூக்கிப் போடுன்னு நான் சொல்லலை. எழுதட்டும், கூட்டட்டும், பழைய பில்லைத் தேடிக் கொடுக்கட்டும். நல்லாவே செய்யுது. ஆனா நோட்டீஸ் வந்தா சித்தப்பா பேருக்குத்தான் வரும், ஆப் பேருக்கு இல்ல. ரங்கூன் ஏஜெண்ட் மாதிரி உட்கார்ந்து பதில் சொல்ல ஒரு ஆள் வேணும்.

பெரியவர் வேலைக்கு ஆபத்தில்லை. இப்ப சிவப்பு அட்டை நோட்டுல ரெண்டு கட்டம் புதுசா போட்டிருக்கார்: 'வேலை முடிஞ்ச தேதி', 'பணம் வந்த தேதி'. சித்தப்பா அதைப் பார்த்துட்டுத்தான் போட்டோ எடுக்கிறார்.

டிஸ்கி: நான் ஆடிட்டர் இல்லீங்க. உங்க பில்லுக்கு உங்க ஆடிட்டரைக் கேளுங்க. உங்க வீட்டுல பழைய பேரேடு ஏதாவது பரண்ல கிடந்தா, எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி பின்னூட்டத்துல ஒரு வார்த்தை சொல்லுங்க :-)