கோடுக்கு முன்னால் ஒரு வெற்றுத் திரை

யுஐ டிசைன் கத்துக்க என்ன படிக்கலாம் என்று கேட்கும் ஜூனியர்களுக்கு நான் ஜிப்ஸியின் கதையைத்தான் சொல்வேன். 1970களில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் பிராவோ என்றொரு எடிட்டர் மென்பொருள் இருந்தது. கட்டளை மோடில் இருப்பதை மறந்து ஆங்கிலத்தில் 'எடிட்' என்று தட்டினால் போச்சு. முதல் எழுத்து மொத்த ஆவணத்தையும் தேர்ந்தெடுக்கும், அடுத்தது அழிக்கும், மூன்றாவது நுழைக்கத் தொடங்கும். கடைசியில் மிஞ்சுவது ஒரே ஒரு 'டி'.

ஜெராக்ஸுக்குச் சொந்தமான கின் பாடநூல் பதிப்பகத்துக்காக டிம் மாட்டும் லாரி டெஸ்லரும் ஜிப்ஸியை உருவாக்கினார்கள். மாட் முதலில் அங்கிருந்த பதிப்பாசிரியரை வெற்றுத் திரை முன் உட்காரவைத்து, அதில் பக்கம் இருப்பதாக நினைத்துத் திருத்திக் காட்டச் சொன்னார். (நம்ம ஆபீஸ்களில் பயனரைக் கூப்பிடுறதே ரிலீசுக்கு முந்தின வாரம்தான்!) காகிதத்தை வெட்டி ஒட்டித் திருத்தும் அவர்களது பழக்கமே ஜிப்ஸியில் கட், பேஸ்ட் ஆனது. டெஸ்லரோ பிற்பாடு கார் நம்பர் பிளேட்டிலேயே 'நோ மோட்ஸ்' என்று போட்டுக்கொண்டார்.